சைபருக்குக் கீழே

"பள்ளிக்கூடம் பிடிக்கேல்ல" என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால், அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் துணிபு. அவனுக்குப் பிடிக்காதது ஒரு பாடமாக இருக்கும். ஒரு வாங்கில் பக்கத்தில் இருக்கிறவனாக இருக்கும். வகுப்பின் முன்னால் யாரோ சொன்ன ஒரு சொல்லாக இருக்கும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வெறுத்துவிட்டால் அந்த ஒன்றைச் சொல்லத் தேவையில்லை.

என் அக்காவின் மூத்த மகன் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் வீட்டில் பேச்சு நின்றுபோனது. கேட்டதற்கெல்லாம் "ம்" என்ற ஒரு பதில். காலையில் எழுப்புவது ஒரு போர். சப்பாத்து ஒரு மூலையில், பை இன்னொரு மூலையில், கதவு சாத்துகிற சத்தம் பக்கத்து வளவுக்குக் கேட்கும். "படிச்சு என்ன செய்யிறது? படிச்சு முடிச்ச ஆக்கள்தானே வேலை கேட்டு ரோட்டில இருந்தவை" என்று திருப்பிக் கேட்பான். அதில் உண்மையும் இருந்தபடியால் அக்காவுக்குப் பதில் வராது. அத்தானுக்குத் திருகோணமலைச் சீனக்குடா மா ஆலையில் முறை வேலை. அவர் வீட்டில் நிற்கிற நேரம் இவன் ரியூசனில் இருப்பான், இவன் வருகிற நேரம் அவர் நித்திரை. கிடைக்கிற கொஞ்ச நேரமும் கண்டிப்பதிலேயே போனது. ஞாயிறு இரவுகளில் ஸ்காபரோவிலிருந்து சித்தப்பா வீடியோவில் வருவார். அவரும் முதலில் கேட்பது "கடைசித் தவணைக்கு எத்தனை ஏ?" என்றுதான்.

எங்கள் ஊரில் இப்படியான நேரங்களில் தாய்மாமனுக்கு ஓர் இடம் இருந்தது. தகப்பன் கண்டிக்க வேண்டியவர். தாய் அழ வேண்டியவள். மாமன் இரண்டும் செய்யாமல் பக்கத்தில் இருக்கலாம். பெரியம்மா, ஆச்சி, ஒன்றுவிட்ட அண்ணன் என்று பிள்ளை ஒதுங்கி நிற்கப் பல திண்ணைகள் இருந்தன. யுத்தம் அந்தத் திண்ணைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் கலைத்துவிட்டது. மிஞ்சியிருக்கிற நாங்களாவது அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் அவனை உட்துறைமுகக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன்.

அவனுக்குத் தூண்டில் கை வந்த கலை. வெறும் பிளாஸ்டிக் போத்தலில் தங்கூசி நூலைச் சுற்றி வைத்திருப்பான். இறாலை உரித்துக் கொளுக்கியில் ஏற்றும்போது விரல் அவசரப்படாது. ஈயம் இறங்கும்போது நூல் விரலில் ஓடுவதை வைத்தே எத்தனை பாகம் ஆழம் என்று சொல்லிவிடுவான். அறையைச் சாத்திக்கொண்டு கிடக்கிற பிள்ளையா இவன் என்று இருக்கும். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம். இருட்டுகிற நேரத்தில், நான் கேட்காமலே, ஒரு நாள் வந்தது:

"மாமா, சேர் போர்டில செய்யேக்க எனக்கு விளங்குது. நான் செய்ய வெளிக்கிட்டா, சைபருக்குக் கீழ போன உடனே எல்லாம் குழம்புது."

மறைத்து வைத்திருந்தது அவ்வளவுதான். மறைக் குறி. நாலிலிருந்து ஏழைக் கழித்தால் என்ன வரும் என்பதில் அவனுக்கு நிச்சயமில்லை. அது நிச்சயமில்லாதவனுக்குச் சமன்பாடு இல்லை, வரைபு இல்லை, பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பாதி இல்லை. ஒரு தடவை கேட்கப் போய், "இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியுமே" என்று பதில் வந்திருக்கிறது. வகுப்பு சிரித்திருக்கிறது. மாணவரை அடிக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டது. இந்த மாதிரிச் சொல்லுக்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

அந்த ஆசிரியரையும் நான் நோகமாட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். இவனுடைய ஆறாம் வகுப்பு எங்கே நடந்தது என்பதுதான் கேள்வி. 2010இல் பிறந்த பிள்ளை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் வருடம். 2021இல் ஆறாம் வகுப்பு. வருடத்தின் பெரும்பகுதி பள்ளிக் கதவு திறக்கவில்லை. நடுவில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் செய்த போராட்டத்தில் இணையவழி வகுப்பும் நின்றது. 2022இல் ஏழாம் வகுப்பு. எரிபொருள் இல்லாமல் பள்ளிகள் மறுபடி மூடின. கணிதப் புத்தகத்தில் திசைகொண்ட எண்களும் அட்சரகணிதமும் காலூன்றுகிற வருடங்கள் இவை. அக்கா வீட்டில் அப்போது ஒரு போன்தான். அதிலும் டேற்றா போட்டால்தான் பாடம்.

பள்ளி மூடுவது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1990 யுத்தத்தைக் கண்டிருக்கிறோம், 2004 சுனாமியைக் கண்டிருக்கிறோம், 2006இல் மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்ததைக் கண்டிருக்கிறோம். ஆனால் அந்த இழப்பெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கூரையில்லாத வகுப்பறையைப் பார்த்தவர் யாரும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. இந்த முறை கட்டடம் அப்படியே நின்றது. பிள்ளைகளும் வருடத்துக்கு வருடம் வகுப்பேறினார்கள். உள்ளே இல்லாமல் போனதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வருடங்களின் கணக்கு இன்றைக்குப் பிள்ளையின் முகத்தில் கோபமாக நிற்கிறது. நாங்கள் அதைத் திமிர் என்கிறோம்.

இதற்கு மேல் நித்திரை. இந்த வயதில் உடம்பு இரவில் பிந்தித்தான் தூக்கத்துக்கு ஆயத்தமாகும். காலையிலும் பிந்தித்தான் விழிக்கும். இது பழக்கக் கேடு இல்லை, பருவத்தின் இயல்பு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2022இலிருந்து சட்டமே நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்கு 7.30. பள்ளி விட்டால் ரியூசன், இரவு வீட்டுப்பாடம். பத்தாம் வகுப்புப் பாடத்தையே மூன்று இடத்தில் மூன்று தடவை சொல்லிக் கொடுக்கிறோம். ஆறாம் வகுப்புப் பாடத்தை ஓரிடத்திலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அக்காவும் அத்தானும் பேசி, கணித ரியூசனில் ஒன்றை நிறுத்தினார்கள். அதற்கு அவர்களுக்கு நிறையத் துணிவு வேண்டியிருந்தது. அயலில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கு அவன் உப்புவெளியில் என் வீட்டுக்கு வருவான். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஆறாம், ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை அயல்வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்தேன். தன் வீட்டில் தங்கச்சி பார்க்க அவற்றை விரிக்க அவனுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தது நான் இல்லை; உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிற பக்கத்து வீட்டுப் பெடியன். அவன் முதல் நாளே கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தான். "தண்ணி மட்டம் சைபர். ஈயம் ஏழு பாகம் கீழ நிக்குது. மூண்டு பாகம் இழுத்திட்டாய். இப்ப எங்க நிக்குது?" "மைனஸ் நாலு" என்றான் மருமகன், யோசிக்காமலே. பிறகு இருவரும் கொப்பியில் குனிந்தார்கள். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

அவன் மாறிவிட்டான் என்று நான் எழுதமாட்டேன். காலையில் இன்னும் முகம் கடுகடுப்புத்தான். கதவு இன்னும் சாத்தப்படுகிறது. ஆனால் கணிதப் பாடம் உள்ள நாளில் வயிற்றுவலி வருவது குறைந்திருக்கிறது. சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தியடைந்து உயர்தரத்துக்குப் போக, அந்த ஆறில் கணிதமும் இருக்க வேண்டும் என்பதை இப்போது தானாகவே சொல்கிறான்.

எல்லாக் கோபத்துக்கும் அடியில் கணிதம் இருக்காது. பிள்ளை சாப்பாட்டை விட்டு, கூட்டாளிகளை விட்டு, பிடித்த விளையாட்டையும் விட்டு ஒதுங்கினால், நித்திரை முற்றாகக் குழம்பினால், சாவைப் பற்றிப் பேசினால், மாமனின் தூண்டில் போதாது; வைத்தியரிடம் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 ஆகிய இரண்டு இலக்கங்களும் வீட்டில் பிள்ளையின் கண்ணுக்கும் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

அதிபர்களிடமும் வலயக் கல்விப் பணிமனையிடமும் ஒன்று கேட்கிறேன். பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குக் கிழமையில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, ஆறாம், ஏழாம் வகுப்புக் கணிதத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே மறுபடி நடத்துங்கள். கை உயர்த்தி 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால்தான் அந்த வகுப்பு என்று வைத்தால், என் மருமகனைப் போன்ற ஒருவனும் வரமாட்டான்.