ஒன்றரைப் பங்கு

எங்கள் ஆலையின் முன்வாசலில் இருபது வருடம் ஒரு பலகை இருந்தது. ‘காற்றாலை மின்சாரத்தில் இயங்கும் ஆலை’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். எழுதச் சொன்னவன் நான். அது உண்மையில்லை என்று எழுதச் சொன்ன அன்றே எனக்குத் தெரியும்.

ராஜபாளையத்தில் எங்களுடையது 12,000 கதிர் ஓடும் சிறிய நூற்பாலை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் யூனிட் வேண்டும். முப்பந்தலில் எங்களுக்கு இருப்பது 225 கிலோவாட் காற்றாலை ஒன்றே ஒன்று. மிக நன்றாக ஓடிய வருடத்தில் அது நாலு லட்சம் யூனிட் தந்தது. அதாவது ஆலைக்கு நாற்பது நாள் மின்சாரம். மற்ற நாளெல்லாம் வாரியத்தின் மின்சாரம்தான். அதில் பெரும்பங்கு நிலக்கரியை எரித்து வந்தது. நூல் வாங்க வந்தவர்கள் பலகையைப் பார்த்துப் பாராட்டினார்கள். நான் திருத்தவில்லை.

அந்த மெஷினை நான் காற்றுக்காக வாங்கவில்லை. 1995 மார்ச் கணக்கு முடிந்த கையோடு ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “வர்ற வருஷம் லாபம் இன்னும் ஏறும் சார். ஒரு காத்தாடி போட்டுருங்க” என்றார். அப்போது காற்றாலைக்கு முதல் வருடமே 100 சதவீதத் தேய்மானம் உண்டு. ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் மெஷின். அந்த ஒரு கோடியையும் ஒரே வருட லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, செப்டம்பர் கடைசிக்குள் ஓட்டிக் காட்டிவிட வேண்டும். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்குப் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும்.

முப்பந்தலில் காற்று வைகாசியில் ஏறும். ஆனி, ஆடியில் நிற்க விடாது. புரட்டாசியில் தணிந்துவிடும். நாங்கள் காற்று தணிகிற நேரம் பார்த்து மெஷின்களை நட்டோம். செப்டம்பர் 27 அன்று சாயங்காலம் இசக்கியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, கிரேன் ஒதுங்கி நிற்க, மூன்று இறக்கைகளும் மெல்லத் திரும்புவதைப் பார்த்தேன். மின்வாரிய அதிகாரி மீட்டரைக் குறித்துக்கொண்டு சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். நான் நெடுஞ்சாலைக்கு ஓடிவந்து எஸ்டிடி பூத்திலிருந்து ஆடிட்டருக்குச் சொன்னேன். “சர்டிபிகேட் கையில இருக்கு.” எத்தனை யூனிட் ஓடியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு நான் போனது பதினான்கு மாதம் கழித்து.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சந்துகளில் காற்று நெருக்கிக்கொண்டு பாயும் இடங்கள் தமிழ்நாட்டுக்கு நான்கு வாய்த்திருக்கின்றன: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. இப்படி ஒரு கொடை நாட்டில் பல மாநிலங்களுக்குக் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு முன்னால், முப்பந்தலில், காற்று முதலில் வந்து மோதும் நிலத்தை 90களில் எங்களைப் போன்றவர்கள் வாங்கி, முப்பது மீட்டர் உயர மெஷின்களால் நிரப்பினோம். அந்தக் காலத்துக்கு அவை நல்ல மெஷின்கள், அதில் குறையில்லை. இன்றைக்கு வரும் மெஷின் 3 மெகாவாட். அதன் உச்சி 120 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அந்த உயரத்தில் காற்று வேறு காற்று. நாட்டின் ஆக நல்ல காற்று அடிக்கும் இடங்களில் ஆகச் சிறிய மெஷின்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று என்னுடையது.

2009 டிசம்பரில் மத்திய அரசு, தேய்மானச் சலுகை வேண்டாம் என்பவர்களுக்கு யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை என்று அறிவித்தது. நட்டதற்குக் கொடுத்த காசை இனி ஓடியதற்குக் கொடுக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். செய்தித்தாளில் அதைப் படித்தபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

மெஷினைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் பணகுடிப் பக்கத்துப் பையன். மாதம் ஒருமுறை போன் செய்வான். “மொதலாளி, கெப்பாசிட்டர் ரெண்டு போயிட்டு.” இந்தப் பழைய மெஷின்களின் ஜெனரேட்டர் லைனுக்கு மின்சாரம் கொடுக்கும்போதே லைனிலிருந்து ரியாக்டிவ் பவரை இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் கெப்பாசிட்டர். அது கெட்டால் இழுவை கூடும், லைனில் வோல்டேஜ் சரியும், காற்று நன்றாக அடிக்கிற வேளையிலேயே பக்கத்து மெஷின்கள் டிரிப் ஆகும். வாரியம் அதற்கு ஓர் அபராதம் போடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; கெப்பாசிட்டர் மாற்றுவதைவிட அபராதம் கட்டுவது மலிவு. மூன்று சீசன் அபராதமே கட்டினேன். அந்த மூன்று சீசனில் என் பக்கத்து மெஷின்காரர்கள் இழந்த யூனிட்டுக்கு என்னிடம் கணக்கில்லை. கியர் பாக்ஸ் எண்ணெய் கசிந்து வெள்ளைக் கோபுரத்தில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் கீழே வந்திருக்கும்.

2019-ல் ஒரு பொறியியல் கல்லூரியில் தூய ஆற்றல் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். இப்படிக் கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் பேசுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அன்றைக்கும் பேசினேன். 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகள் வந்ததிலிருந்து, தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடியாக நின்றது வரைக்கும் சொன்னேன். முடித்ததும் இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “உங்க மெஷின் இப்ப வருஷத்துக்கு எத்தனை யூனிட் சார் தருது?”

‘இப்ப’ என்ற சொல்லை அவள் அழுத்தவில்லை. ஆனாலும் எனக்கு அது தனியாகக் கேட்டது. அந்த வருடம் மெஷின் தந்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம். “நாலு லட்சம்” என்றேன். அவள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பை அதற்கு இரண்டு வருடம் கழித்துச் செய்தேன்.

எங்கள் வரிசையில் பத்து மெஷின், பத்துப் பேர். எல்லாம் ஒரே வயது. 2021-ல் திருப்பூர்க்காரர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், எல்லோரையும் நாகர்கோவிலில் ஒரு ஓட்டலில் கூட்டினார். பத்தையும் கழற்றிவிட்டு, நிலத்தைச் சேர்த்து, 3 மெகாவாட் மெஷின் ஒன்றைப் போடலாம் என்றார். பத்து மெஷினும் சேர்ந்து வருடத்துக்கு இருபது லட்சம் யூனிட்டைத் தொடவில்லை. புது மெஷின் ஒன்றே எண்பது லட்சம் தரும். செலவிலும் வரவிலும் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு. இந்த மெஷின்களின் தாய்நாடான டென்மார்க்கில் இதை 2000களின் தொடக்கத்திலேயே செய்து முடித்துவிட்டார்கள். ஏறக்குறைய 1,500 சிறிய காற்றாலைகளை எடுத்துவிட்டு, 300க்கும் குறைவான பெரிய காற்றாலைகளை வைத்து, முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான திறனைப் பெற்றார்கள். அவர் இதையும் சொன்னார். ஒன்பது பேர் சரி என்றார்கள்.

நான் ஒன்றரைப் பங்கு கேட்டேன். காற்றுக்கு முதலில் முகம் கொடுப்பது என் இடம், அது இல்லாமல் புது மெஷினுக்கு இடைவெளி கிடைக்காது என்றேன். அது நிஜம்தான். நான் கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்டேன். வெளியே வேறு காரணங்கள் சொன்னேன். சீசனில் ஓடிய யூனிட்டை வாரியத்திடம் சேமித்து வைத்து, வருடக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளும் வசதி பழைய மெஷினுக்கு உண்டு. மாற்றினால் அது கைவிட்டுப் போகும் என்றேன். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அது என் காரணமில்லை. ஒன்றரைப் பங்கு தந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அவர் மாதம் ஒருமுறை போன் செய்தார். “அண்ணா, நீங்க ஒருத்தருதானுங்க பாக்கி.” ஒருமுறைகூடக் குரல் உயர்த்தவில்லை. நான் பிடி கொடுக்கவில்லை. என் மெஷின் முதல் போட்டதையெல்லாம் எப்போதோ திருப்பித் தந்துவிட்டது. இனி வருவதெல்லாம் லாபம். புதுக் கடன் எதற்கு என்று நினைத்தேன். எழுபது வயதுக்காரன் இப்படி நினைப்பது இயல்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2023 மார்கழியில் அவர் மாரடைப்பில் இறந்தார். 2024-ல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அதற்குள் எங்கள் பத்துப் பேரில் ஒருவர் இடத்தை விற்றிருந்தார். இன்னும் இரண்டு பேர் விதிமுறைகளைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். 2021-ல் ஒன்பது பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து சரி என்ற அந்த நாள் திரும்ப வரவில்லை.

நாடு முழுவதும் 2 மெகாவாட்டுக்குக் குறைவான காற்றாலைகளை மாற்றினால் 25,000 மெகாவாட்டுக்கு மேல் வாய்ப்பு இருப்பதாக, சென்னையிலிருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் கணித்திருக்கிறது. அது ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதற்குப் பெரிய பெரிய காரணங்கள் சொல்கிறார்கள். எங்கள் வரிசையில் காரணம் நான். 2025-ல் இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாதது என்று அறிவித்தார்கள். கேட்டு மனம் நிறைந்தது. இத்தனை பேரின் உழைப்பு அது. ஆனால் ஓடிய யூனிட்டைக் கணக்கெடுத்தால் நாட்டில் இன்னும் ஏறக்குறைய எழுபது சதவீதம் நிலக்கரிதான். அந்தப் பாதியில் என் 225 கிலோவாட்டும் முழுசாகச் சேர்ந்திருக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணுக்கும் அது தரும் யூனிட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஆலைவாசல் பலகையைக் கழற்றினேன். பிறகு திருப்பூர் போனேன். அவருடைய மூத்த மகன் காப்பி கொடுத்து உட்கார வைத்தான். ஆளுக்கு ஒரு பங்கு என்றே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொண்டுபோன தாளை அவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தான்.

“அப்பா இருக்கையிலேயே கேட்டாருங்களே பெரியப்பா. அப்ப ஏனுங்க போடலை?”

“ஒன்றரைப் பங்கு கேட்டேன்” என்றேன்.

அவனுக்கு அது தெரியாது. கடன் தோதுப்படவில்லை என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தாராம். அவன் தாளை மடித்து மேஜை மேல் வைத்தான். தம்பியைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னான். இன்னும் சொல்லவில்லை.