மகிழம்பூவும் கரித்தூசியும்

தோட்டம் என்னும் சொல்லை வடசென்னையில் உச்சரிக்கச் சற்றே துணிச்சல் வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அச்சாலைக்கு மேற்கே, திருவொற்றியூரில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, துணி துவைக்கும் கல்லருகே தானாய் முளைத்த கோவைக்கொடி, சன்னல் கம்பியைப் பற்றி ஏறிய சங்குப்பூ. தெருமுனையில் ஒரு பூவரசு. இவற்றைத் தோட்டம் என்று நாங்கள் அழைக்கத் தொடங்கியதே எங்கள் தெருவின் குழந்தைகள் வரத் தொடங்கிய பிறகுதான்.

ஐந்தாறு பேர், நான்கு வயதுக்குக் குறையாமல், ஏழைத் தாண்டாமல். ஞாயிறு காலைகளில் வருவார்கள். முதல் நாள் வண்ணப் பென்சில்களை முன்னே வைத்தோம். எல்லோரும் ஒரே படத்தை வரைந்தார்கள்: இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு. மலையே இல்லாத ஊரின் குழந்தைகள். கடலிலிருந்து சூரியன் எழுவதை நாள்தோறும் பார்க்கக் கூடியவர்கள். மறுவாரம் பென்சில்களை எடுத்து வைத்துவிட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டோம்.

இந்தூரில் வாழ்ந்த ஓவியர் விஷ்ணு சிஞ்சல்கர் காய்ந்த இலைகளையும் குச்சிகளையும் கொண்டே உருவங்கள் சமைத்தவர். அரவிந்த் குப்தாவின் நூல்கள் வழியாகவே அவரை அறிந்தோம். இலையை வெட்டி ஒட்டி யானையாக்குவதைவிட, எந்த இலைக்குள் யானை ஏற்கெனவே இருக்கிறது என்று பார்ப்பதே கலை என்பதை அவர்களிடமிருந்துதான் கற்றோம். ஆனால் குழந்தைகளுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பி ஊதி முடித்த கையோடு, அதே இலையை விரித்து "இது திருக்கை மீன்" என்றாள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. காம்புதான் வால். மீனவக் குடும்பத்துப் பெண். அவளுக்கு இலைக்குள் யானை தெரியாததில் வியப்பில்லை.

வண்ணங்களுக்கு அடுக்களையும் பின்கட்டுமே போதுமானவையாக இருந்தன. மஞ்சள், காவி, அடுப்புக்கரி, அரிசிமாவு. கோவையிலையும் கரியும் சேர்த்தரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய பள்ளி நாட்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்; ஏட்டில் எழுத்தாணி கீறிய கோடுகள் தெளிவுறத் தெரியவும் இலைச்சாறும் கரியுமே பூசப்பட்டன. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம்; அதில் எலுமிச்சை பிழிந்தால் கத்தரிப்பூ நிறம், மேலும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. ஆந்தோசயனின் என்னும் நிறமி புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறுகிறது என்பது வேதியியல். "பூவுக்குக் கூச்சமாயிடுச்சு" என்பது எங்கள் மாணவர் ஒருவரின் விளக்கம். அரளியையும் எருக்கையும் மட்டும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். ஒன்று நஞ்சு, மற்றதன் பால் கண்ணைக் கெடுக்கும்.

ஒரு விடியலில் தியாகராசர் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். ஒற்றியூரின் தலமரம் மகிழம். உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்தது இம்மகிழின் அடியில். சொல் தவறி ஊரெல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார் என்கிறது புராணம். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் அது நினைவுகூரப்படுகிறது. மகிழம்பூவின் நடுவே இயற்கையாகவே துளை இருப்பதால் சிறுகைகளாலும் கோத்துவிட முடியும். வாடினாலும் மணம் போகாது. உதிர்ந்த பூக்களைக் கைக்குட்டையில் கட்டிக் கொண்டுவந்து, காகிதத்தில் வளையங்களாக ஒட்டினார்கள். எங்கள் வீட்டில் பல வாரம் அம்மணம் இருந்தது.

சொல்ல வந்தது இனிமேல்தான்.

இலையச்சுப் பதிக்கும் நாளொன்றில், ஆறு வயதுப் பையன் ஒருவன் வண்ணம் பூசும்வரை பொறுக்காமல் பூவரசிலையை ஈரக் காகிதத்தில் கவிழ்த்து அழுத்தினான். எடுத்தபோது, பூசாத வண்ணம் பதிந்திருந்தது. சாம்பலும் கருமையுமாக இதய வடிவம். நடுவில் வெண்கோடுகளாக நரம்புகள். இலைமேல் படிந்திருந்த தூசி. அதன் அழகில் நாங்கள் மயங்கிப்போனோம். எங்கள் ஊரே தன் கையெழுத்தைப் போட்டதுபோல் இருக்கிறது என்று பேசிக்கொண்டோம். சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினோம்.

அடுத்த வாரம் பையனை அழைத்துப்போக வந்த அவன் தாய் அதன்முன் நின்று, இது என்னவென்று கேட்டார். பெருமையாக விளக்கினோம்.

"ராவெல்லாம் இழுப்பு வந்து இவன் தூங்க மாட்டான்கா. அந்தத் தூசியப் போயி படமாக்கி செவுத்துல மாட்டி வெச்சிருக்கீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. நாங்கள்தாம் அன்றிரவு உறங்கவில்லை. படித்தவை எல்லாம் எங்களுக்கு நினைவிலிருந்தன. ராயபுரத்தைக் கருக்கிய நிலக்கரி, 2011ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சென்னைத் துறைமுகத்தைவிட்டு எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்குகிறது, அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றைத் தூர்த்தது. 2023 டிசம்பரில் புயல்மழையோடு எண்ணெய் பரவி முகத்துவாரத்துக் கூழைக்கடாக்களின் சிறகுகளைக் கறுப்பாக்கியது. இவ்வளவும் தெரிந்திருந்தும், அந்த இலையைப் பார்த்தபோது எங்களுக்கு ஓவியம் மட்டுமே தெரிந்தது. அந்தத் தாய்க்கு மகனின் மார்பு தெரிந்தது.

படத்தைக் கழற்றினோம். குழந்தைகள் வருமுன்பே இலைகளைக் கழுவித் துடைத்து, பளபளவென்று தட்டில் அடுக்கி வைத்தோம். இரண்டு வாரம் அப்படி நடந்தது. மூன்றாம் வாரம் அந்தப் பையனே கேட்டான்: "இது எந்த ஊர் எலை?"

அதன்பின் கழுவுவதே முதல் வேலையாயிற்று. பின்கட்டில் ஓர் அகன்ற பேசின். உலர்ந்த இலையை உதறவோ ஊதவோ கூடாது. காம்பைப் பிடித்து நேரே நீரில் அமிழ்த்த வேண்டும். அந்தப் பையன் மட்டும் சற்றுத் தள்ளி அமர்ந்து, கழுவிய இலைகளை வாங்கித் துணியில் ஒற்றுவான். நாலைந்து கைப்பிடி இலைகளுக்குள் தண்ணீர் கலங்கிக் கறுத்துவிடும். யாரும் எதையும் விளக்குவதில்லை. பிறகு மஞ்சள், காவி, சங்குப்பூ. சென்ற மாதம் அவன் இலையச்சுகளால் ஒரு மலை செய்தான். எண்ணூரில் பார்த்த நிலக்கரிக் குவியலாம். மேலே மகிழம்பூவைச் சூரியனாக ஒட்டியிருந்தான்.

பேசின் நீரைக் காட்டி, "இதை எங்க ஊத்துறது?" என்று ஒவ்வொரு வாரமும் யாரேனும் ஒருவர் கேட்கிறார். செடிக்கு ஊற்ற மனம் வரவில்லை. சாக்கடையில் ஊற்றுகிறோம். அது எங்கே போகும் என்பது அவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி.