வில்லங்கம் இல்லை என்று எழுதலாமா?

ஜூன் 2, 2025, திங்கள்

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். தொடர்ந்தாற்போல் 4 வாரத்துக்கு மேல் கூடாது. பார் கவுன்சில் விதி. கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் உயர் நீதிமன்றத்தில் சீனியர்களின் கட்டுகளைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். நான் பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் ஏசி குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். கறுப்புக் கோட்டு வேண்டாமாம், டி-ஷர்ட் போதுமாம்.

மனையோ ஃப்ளாட்டோ வாங்கப்போகிறவர் பத்திர நகல்களை இந்த நிறுவனத்தின் செயலியில் ஏற்றினால் இரண்டு நாளில் ‘டைட்டில் ரிப்போர்ட்’ கையில் கிடைக்கும். முதல் பக்கத்தில் ஒரு வட்டம்: பச்சை, மஞ்சள் அல்லது சிவப்பு. சட்டப் பிரிவு என்பது ஒரு மேடமும், இன்று முதல் நானும். மற்றவர்கள் எல்லாம் கோடு எழுதுகிறவர்கள், இல்லையென்றால் விற்கிறவர்கள்.

ஜூன் 4, புதன்

நாள் முழுக்கப் பத்திரம் வாசித்தேன். வழக்கமாக 30 வருடம் பின்னோக்கிப் போக வேண்டும். ஏன் முப்பது என்று வகுப்பில் யாரும் கேட்டதுமில்லை, சொன்னதுமில்லை. அடமானத்தை மீட்க வழக்குப் போடுவதற்குக் காலவரையறைச் சட்டம் தரும் கெடு 30 வருடம் என்றார் மேடம். அதே வயதுடைய ஆவணம் உரியவரின் கையிலிருந்து வந்தால் அதிலுள்ள கையெழுத்து உண்மையென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளவும் இடமுண்டு.

மென்பொருளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு கிரையப் பத்திரத்தில் 112/2பி என்றும் அடுத்ததில் 112/2பி1ஏ என்றும் சர்வே எண் இருந்தால், நடுவே உட்பிரிவு செய்த ஆவணம் எங்கே என்று நொடியில் கேட்டுவிடுகிறது. நான் கேட்டிருந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பணியில் பெயரும் பரப்பும் பிசகிப்போன நிலம் வந்தால் மட்டும் திணறுகிறது. பத்திரத்தில் 48 சென்ட், பட்டாவில் 41 சென்ட். இரண்டில் எதை நம்புவது என்று அது என்னைக் கேட்கிறது.

ஜூன் 9, திங்கள்

ஃபீல்டு வேலை பார்க்கும் அண்ணனோடு சார்பதிவாளர் அலுவலகம் போனேன். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல்தான். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். டோக்கன் கூட்டத்தில் நின்றபோது பத்திர எழுத்தர் ஒருவர் என் கையிலிருந்த நகலை எட்டிப் பார்த்துவிட்டு, “ஈசி சுத்தமா இருக்கேம்மா, அப்புறம் என்ன தேடறே?” என்றார்.

ஊரே அப்படித்தான் நினைக்கிறது. வில்லங்கச் சான்று என்பது அந்த அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல், அவ்வளவே. உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும், நடந்துகொண்டிருக்கும் சிவில் வழக்கும் பெரும்பாலும் அதில் வராது. பட்டாவும் வருவாய்த்துறையின் பதிவுதான். அதுவே உரிமை ஆகிவிடாது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையே அல்ல என்று இந்த ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாட்டின் 55ஏ(i) விதியைச் செல்லாதாக்கியது. ஆக, இந்த நிலம் இன்னாருடையதுதான் என்று அரசாங்கமே உத்தரவாதம் தருவதில்லை. எங்கள் செயலி தருகிறது.

ஜூன் 12, வியாழன்

“நாம டெக்னாலஜி கம்பெனி, புரோக்கர் இல்லை” என்று நிறுவனர் மதியக் கூட்டத்தில் இரண்டு தடவை சொன்னார். செயலியில் மனை விளம்பரங்களும் வருகின்றன. விற்பனை முடிந்தால் கட்டணம் உண்டு. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 2(zm) பிரிவை எடுத்து மேடம் திரையில் போட்டார். வாங்குபவரையும் விற்பவரையும் எந்த ஊடகத்தின் வழியாக அறிமுகம் செய்து காசு வாங்கினாலும் முகவர்தான். என்ன பெயரில் அழைத்துக்கொண்டாலும் சரி. பதிவில்லாத முகவருக்கு நாளொன்றுக்கு ₹10,000 அபராதம். பதிவு மனுவை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஜூன் 17, செவ்வாய்

திருப்போரூர் பக்கம் ஒரு மனை. 1996-ல் பதிவான பாகப்பிரிவினை. அப்பாவும் மூன்று மகன்களும் பிரித்துக்கொண்டது. இரண்டாவது மகன் தன் பங்கை இப்போது விற்கிறார். தொடர் அறுபடவில்லை. பட்டா அவர் பெயரில். வட்டம் பச்சை.

பத்திரத்தில் ‘பிதுரார்ஜித சொத்து’ என்று இருந்தது. வீட்டில் பெண்பிள்ளைகளே இல்லையா என்று மேடத்திடம் கேட்டேன். “அவருக்கே போன் போடு” என்றார். போட்டேன். “அக்கா ஒண்ணு, தங்கச்சி ஒண்ணு. அவங்களுக்கெல்லாம் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சும்மா” என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற குரலில். அக்காவுக்குக் கல்யாணம் 1985-ல், தங்கைக்கு 1992-ல்.

மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நாடு முழுக்கத் திருத்தியது 2005-ல். வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் அதை இன்னும் இறுக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது இந்த வரி மட்டும்: 2004-க்கு முந்தையது, பதிவானது, ஆகவே பச்சை. எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதியை எழுதிவிட்டார்கள். ஆந்திரம் 1986-லும், தமிழ்நாடு 1989-லும், கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-லும் தனித்தனியே சட்டம் கொண்டுவந்ததை அதற்கு யாரும் சொல்லவில்லை. இங்கே 1989 மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாதிருந்த பெண்ணுக்கு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பங்கு. அக்காவுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை, தங்கைக்கு உண்டு. 1996-ல் நான்கு பேர் பிரித்துக்கொண்டது, ஐந்து பேர் பிரித்திருக்க வேண்டிய சொத்து.

இத்தனை வருடம் கழித்து அந்தத் தங்கை வழக்குப் போட்டால் ஜெயிப்பாரா, கெடு தாண்டிவிட்டதா என்பதெல்லாம் வேறு சண்டை. வழக்குப் போட முடியும். அது இழுக்கிற வரைக்கும் இழுக்கும். வாங்கியவர் வங்கித் தவணையைக் கட்டிக்கொண்டே இருப்பார். தங்கையிடம் விடுதலைப் பத்திரம் வாங்குங்கள், அல்லது கிரையத்தில் அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்று அறிக்கையில் எழுதினோம். வட்டம் மஞ்சளாயிற்று.

ஜூன் 18, புதன்

படிவத்தில் ‘குடும்பத்தில் பெண்மக்கள் விவரம்’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னோம். ஒரு கேள்வி கூடினால் பாதியில் விட்டுப் போகிறவர்களும் கூடுவார்கள் என்று மறுத்துவிட்டார்கள். அடுத்தது வாசகத் தகராறு. ‘கிளியர் அண்ட் மார்க்கெட்டபிள் டைட்டில்’ என்று மொட்டையாக எழுத மேடம் ஒப்பவில்லை. ‘எங்களுக்குக் காட்டப்பட்ட ஆவணங்களின்படி’ என்ற சொற்கள் முன்னால் வந்தே ஆகவேண்டும் என்றார். கடைசியில் ஒத்துக்கொண்டு, அந்த வரியைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டார்கள். பச்சை வட்டம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பணம் கொடுத்தவர் எதைப் பார்ப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

அறிக்கையில் கையெழுத்து யாருடையது? மேடம் முழுநேரச் சம்பளக்காரர்; பார் கவுன்சிலின் 49-ம் விதிப்படி அவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. அதனால் வெளியே ஒரு வழக்கறிஞர் குழு கையெழுத்திடுகிறது. அவர்களுடைய படம், நட்சத்திர மதிப்பெண், ‘உங்கள் வக்கீலைத் தேர்ந்தெடுங்கள்’ பொத்தான் எல்லாம் செயலிக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. வழக்கறிஞர் விளம்பரம் செய்துகொள்வதை 36-ம் விதி தடுக்கிறது. இணையதளங்கள் வக்கீல்களைச் சரக்குபோலப் பட்டியலிடுவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் படங்கள் போய்விட்டன. வந்ததிலிருந்து எழுதியதில் உடனே பலித்தது இது ஒன்றுதான்.

ஜூன் 24, செவ்வாய்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர். கிராமத்தின் பழைய ‘அ’ பதிவேட்டை அண்ணன் படமெடுத்து அனுப்பினார். குறிப்புக் கட்டத்தில் டி.சி., அதாவது ‘டிப்ரஸ்டு கிளாஸ்’ என்று இருந்தது. பஞ்சமி நிலம். அதே செங்கல்பட்டில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை இந்த நிலங்கள். பத்து வருடம் விற்கக் கூடாது. பிறகும் அவர்களுக்குள்ளேயேதான் கைமாற்றலாம். நிபந்தனையை மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றில் இந்தச் சேதி கிடையாது. 1980களுக்குப் பிறகு மூன்று கிரையம் பதிவாகியிருக்கிறது; மூன்று முறையும் யாரோ சுத்தம் என்று சொல்லியிருப்பார்கள். சிவப்புப் போட்டோம். வாடிக்கையாளருக்கு எங்கள்மேல்தான் கோபம்.

ஜூன் 27, வெள்ளி

சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். இத்தகைய செயலிகளே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். காகிதங்களைச் சேர்ப்பதிலும், விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதிலும் மனிதரைவிட அவை கெட்டி. அதற்கு மட்டும் காசு வாங்கினால் நியாயமான வியாபாரம். தீர்ப்பையும் வட்டத்துக்குள் அடைத்து விற்பதுதான் தவறு.

இடம் வாங்கப்போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பூர்வீகச் சொத்து என்றால் அந்த வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள், எப்போது கல்யாணம் என்று நீங்களே கேளுங்கள், செயலி கேட்காது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையெழுத்திட்ட வழக்கறிஞரின் பெயரும் பார் கவுன்சில் பதிவு எண்ணும் அங்கே இல்லையென்றால், வட்டம் எந்த நிறத்தில் இருந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.