வெளுத்த நீலம்

‘சாயம் வெளுத்துவிட்டது’ என்று தமிழில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது வசைமொழி. போட்டிருந்த வேடம் கலைந்தது, உள்ளே இருந்த பொய் வெளியே வந்தது என்பது அதன் பொருள். சாயம் போகும் துணியை ஏமாற்றுத் துணி என்றே நம் முன்னோர் கருதினர். புடவை எடுக்கச் செல்லும் தாய்மார் கடையிலேயே முந்தானையின் ஓரத்தை ஈர விரலால் தேய்த்துப் பார்ப்பது உண்டு. விரலில் நிறம் ஒட்டினால் பேச்சே இல்லை; அடுத்த கடைதான்.

இன்றோ, சாயம் போகவேண்டும் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து ஒரு துணியை வாங்கும் இளைஞர்களைக் காண்கிறோம். நெய்து முடித்தபின் ஒருமுறையேனும் சலவை காணாத, கஞ்சியின் விறைப்பு நீங்காத, கருநீல டெனிம் துணியில் தைத்த ஜீன்ஸ் அது. ‘ரா டெனிம்’ என்பது அவர்கள் வழங்கும் பெயர். அதை மாதக்கணக்கில் உடுத்தி, மிக அரிதாகவே அலசி, தங்கள் உடலின் அசைவுக்கேற்ப அது எங்கெங்கே வெளுக்கிறது என்று பார்த்து மகிழ்கிறார்கள். நகைத்து ஒதுக்கிவிடக்கூடிய ஒரு மோகம்தானே என்று தோன்றலாம். ஆயினும் வடசென்னையில் வாழும் நமக்கு, இந்த வெளுப்பைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்கக் காரணங்கள் உண்டு.

நம் பகுதி துணியால் வளர்ந்த பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர் குடியேறிய இடமே வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூருக்கு அருகே நெசவாளர்களைக் குடியமர்த்தியவர், 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட். அவர் பெயரால் எழுந்த காலெட்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. சற்று மேற்கே பெரம்பூரில், காக்கித் துணிக்குப் பேர்பெற்று விளங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. நெய்வதும், வெளுப்பதும், நிறத்தை நிற்கச் செய்வதும் சில கல் தொலைவுக்குள் தொழில்களாக நடந்திருக்கின்றன. பண்டிகைக் காலத்தில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்கக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த உறவு இன்னும் அறுபடவில்லை என்பது விளங்கும்.

சாயம் போவதையே பெருமையாக விற்ற துணி ஒன்று நம் ஊரின் பெயரைத் தாங்கியதுதான் என்பதைப் பலர் அறியார். அவுரி, மஞ்சள் முதலிய இயற்கைச் சாயங்களில் தோய்த்த நூலால் கட்டம் கட்டமாக நெய்த ‘மெட்ராஸ்’ கைத்தறித் துணி அது. 1958-இல் நடந்ததாக ஜவுளி வணிகர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதை உண்டு. அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் இத்துணியை ஆயிரக்கணக்கான கஜம் வாங்கி, நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மென்மையாக அலசவேண்டும் என்று இங்கே சொல்லப்பட்ட எச்சரிக்கை அங்கே சட்டை வாங்கியவர்களின் காதுக்கு எட்டவில்லை. சலவை இயந்திரத்தில் போட்டார்கள். கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின. முறையீடுகள் குவிந்தன. அப்போது விளம்பரக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். குறை என்று சொல்லப்பட்டதையே நிறை என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு சலவையிலும் புதுத்தோற்றம் கொள்ளும் அதிசயத் துணி இது என்றார்கள். மக்களும் விரும்பி வாங்கினார்கள். ‘இரத்தம் கசியும் மெட்ராஸ்’ என்று பொருள்படும் பெயரால் அத்துணி அங்கே புகழடைந்தது.

அங்கே சாயம் போனது எதிர்பாராதது. டெனிமில் அது நீலத்தின் இயல்பு. அவுரி இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்நீரைக் கலக்கிக் காற்றேற்றினால் நீலம் அடியில் படியும். திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் இன்றும் அவுரி பயிராகிறது. இந்நீலம் தண்ணீரில் கரையாது. அதனைத் தொட்டியில் காரம் சேர்த்து, உயிர்வளி நீக்கி, கரையும் வடிவுக்கு மாற்றவேண்டும். அப்போது தொட்டி நீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றும். நூலை முக்கி வெளியே தூக்கினால், காற்றுப் பட்ட மாத்திரத்தில் பச்சை நீலமாக மாறுவதைக் கண்ணாரக் காணலாம். 1897 முதல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின், அவுரியின் இடத்தை அதுவே பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் குணம் ஒன்றே. நூலின் மேற்புறத்தில் வளையம்போல் படியுமேயன்றி, நடுத்தண்டுவரை ஊறிச் செல்வதில்லை. டெனிமில் பாவுநூல் நீலம், ஊடைநூல் வெள்ளை. எங்கே உரசல் மிகுதியோ அங்கே நீல வளையம் தேய்ந்து, உள்ளிருக்கும் வெண்மை எட்டிப் பார்க்கிறது.

ஆகவே உடுத்துபவரின் வாழ்க்கையே அத்துணியில் எழுதப்படுகிறது. தொடை மடிப்பில் விழும் கோடுகளுக்கு ‘மீசை’ என்றும், முழங்காலின் பின்புறம் தோன்றும் வலைக்குத் ‘தேனடை’ என்றும் ஆர்வலர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். பணப்பை வைத்த இடம், கைப்பேசி வைத்த இடம் எல்லாம் நாளடைவில் தனித்தனி முத்திரைகளாகத் தெரியும்.

இந்த ஆடை பிறந்ததும் உழைப்பாளரிடம்தான். ‘ஜீன்ஸ்’ என்ற பெயர் இத்தாலியின் துறைமுக நகரான ஜெனோவாவிலிருந்து வந்தது. அந்நகரின் மறைமாவட்ட அருங்காட்சியகத்தில், நீலம் தோய்த்த லினன் துணிகளில் வெண்ணிறத்தால் ஆண்டவரின் பாடுகளைத் தீட்டிய 14 பெருந்திரைகள் உள்ளன. அவற்றுள் பழையவை 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பட்டிலும் பொன்னிழையிலும் தீட்டியிருக்கக் கூடியதை எளிய நீலத் துணியில் தீட்டினார்கள் என்பது நம் மனத்தைத் தொடுகிறது. ‘டங்கரி’ என்ற சொல்லோ மும்பையின் டோங்ரிப் பகுதியில் விற்கப்பட்ட முரட்டுத் துணியிலிருந்து பிறந்தது. 1873-இல் அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லீவை ஸ்டிராஸ் என்ற வணிகரும், உழைப்பவரின் கால்சட்டைப் பைகள் கிழியாதிருக்கத் தாமிர ஆணி அறையும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். நம் நாட்டிலும் 1990-களில் இது எளியவருக்கு எட்டியது. அகமதாபாத்தின் அரவிந்த் ஆலை 1995-இல் துணி, ஜிப், பித்தான் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக்கி, தெருமுனைத் தையற்காரரிடம் தைத்துக்கொள்ளும்படி 195 ரூபாய்க்கு விற்றது.

பங்கு மக்களின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது, சந்துகளின் குறுக்கே கொடிகளில் உலரும் ஆலைச் சீருடைகளை நாம் பார்த்துக்கொண்டே நடப்பது வழக்கம். வலத் தோள் மட்டும் வெளுத்திருந்தால் அது துறைமுகக் கிடங்கில் மூட்டை சுமப்பவருடையது. சிறு சிறு பொத்தல்கள் தூவியிருந்தால் பற்றவைப்பவருடையது. இரு முழங்கால்களும் நைந்திருந்தால் அவர் தரையில் மண்டியிட்டு ஓடு பதிப்பவர். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவேண்டியதில்லை. கொடியில் தொங்கும் சட்டையே சொல்லிவிடும்.

அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் நேர்ந்த வழக்கொன்று நம்மிடம் வந்தது. தந்தை திருவொற்றியூரில் ஓர் இயந்திர ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். மகன் முதல் மாதச் சம்பளத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு ரா டெனிம் ஒன்று வாங்கி, இரண்டு மாதமாக அதையே உடுத்தி வந்திருக்கிறான். அவன் இல்லாத நேரத்தில் தாய் அதை எடுத்துச் சோப்புத்தூளில் ஊறவைத்துவிட்டார்.

“சாமி, ஊற வெச்ச தண்ணி மை ஊத்துன மாதிரி ஆயிடுச்சு. கடக்காரன் ஏமாத்திட்டான்னு நெனச்சு, போற சாயம் முழுசாப் போவட்டும்னு பிரஷ் போட்டுத் தேச்சேன். அதுக்கு இவன் ரெண்டு நாளா என் மூஞ்சியப் பாக்கல” என்றார் அந்தத் தாய்.

“ஃபாதர், அது நானே போட்டுப் போட்டு வெளுக்க வேண்டியது. அம்மா ஒரே நாள்ல வெளுத்துட்டாங்க” என்றான் மகன்.

தந்தைக்குச் சினம். “எங்க யூனிஃபாரம் வெளுத்துப் போச்சுன்னா சூப்பர்வைசர் எதிர்ல நிக்கவே கூசும் சாமி. ராத்திரி பன்னண்டு மணிக்குத் தண்ணி வந்தாலும் இவ எழுந்து தொவச்சு, நெழல்ல காயப்போட்டுக் குடுப்பா. வெளுக்கக் கூடாதுன்னு நாங்க பட்ட பாடு! இவன் காசு குடுத்து வெளுக்க வெக்கிறான்.”

மகன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு தாழ்ந்த குரலில், “அப்பா, உங்க பழைய யூனிஃபாரம் பேண்ட்டப் பாத்துத்தான் எனக்கு இது புடிச்சுது” என்றான்.

தந்தை மறுமொழி சொல்லவில்லை. தாய் அடுப்படிக்கு எழுந்து போனார். நாமும் தீர்ப்பு எதுவும் சொல்லாமல், தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம். ஆனால் அந்த வீட்டின் பேச்சு நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. வெளுக்காத ஆடை அந்தத் தாய்க்குக் குடும்பத்தின் மானம். வெளுத்த ஆடை அந்த மகனுக்குத் தந்தையின் உழைப்பின் அழகு. ஒரே கால்சட்டையைத்தான் இருவரும் இரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

இவ்விருவரையும் விட நம்மைக் கவலையுறச் செய்வது மூன்றாவது வகை வெளுப்பு. உடுத்தி வெளுக்கவைக்கப் பொறுமையில்லாதவர்க்காக, வெளுத்த நிலையிலேயே ஜீன்ஸ் விற்கப்படுகிறது. முழங்காலும் தொடையும் கடையிலேயே நைந்திருக்கின்றன. அதை நையவைத்தது எது? பல ஆண்டுகளாக, அழுத்தக் காற்றில் மணலைத் துணிமேல் பீய்ச்சி அடிக்கும் முறையே பரவலாக இருந்தது. அம்மணலின் நுண்தூசு தொழிலாளரின் நுரையீரலில் படிந்து, மூச்சுப்பையை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் என்னும் தீராநோயைத் தந்தது. துருக்கியில் இவ்வேலை செய்த இளைஞர் பலர் இந்நோயால் மடிந்தபின், 2009-இல் அந்நாட்டு அரசு இம்முறையைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே பெரும் ஜீன்ஸ் நிறுவனங்கள் சிலவும் இதைக் கைவிடுவதாக அறிவித்தன. மணல் வார்ப்புத் தொழிலை அறிந்த நம் மக்களுக்கு இந்தத் தூசு புதிதன்று. அங்கே இரும்புக்காகப் பறந்த தூசு, இங்கே ஒரு கால்சட்டையின் தோற்றத்துக்காகப் பறந்தது.

தண்ணீரும் உண்டு. ஒரு ஜீன்ஸின் வாழ்நாள் முழுமைக்கும் ஏறத்தாழ 3,781 லிட்டர் நீர் செலவாவதாக லீவைஸ் நிறுவனம் 2015-இல் கணக்கிட்டு வெளியிட்டது. அதில் பெரும்பங்கு பருத்தி வயலுக்கு. ஏறக்குறைய கால் பங்கு, வாங்கியவரின் வீட்டுச் சலவைக்கு. சாயக்கழிவு என்ன செய்யும் என்பதை அறிய நாம் கடல் கடக்கவேண்டியதில்லை. திருப்பூரின் நொய்யலாறு பட்ட துயரத்தால், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நம் பக்கத்திலோ, 2019 கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற வரிசைகளை மறந்திருக்க மாட்டோம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுள்ள ஆலையை 2010-இல் தொடங்கிய பின்னும் நிலை அதுதான். அப்படியிருக்க, ஆடையைக் குறைவாகத் துவைத்து நெடுநாள் உடுத்துவோம் என்று ஓர் இளைஞன் சொன்னால், அதில் அவனறியாமலே ஒரு நல்லறிவு இருக்கிறது.

ஆனால் அறவே துவைக்காமல் இருப்பதும் அறிவன்று. கடற்காற்றும் வியர்வையும் கலந்த இந்த ஊரில், அழுக்கும் உப்பும் நூலை அரித்துத் தையலைப் பிளந்துவிடும். உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் சிறிதளவு சோப்பிட்டு, பிரஷ் படாமல் கையால் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். இது கணவரின் சீருடைக்கு அந்தத் தாய் முப்பது ஆண்டுகள் செய்த பக்குவத்தை ஒத்ததுதான். மகனின் கால்சட்டையை மட்டும், ஏமாற்றுத் துணி என்ற கோபத்தில், அவர் வேறுவிதமாகத் துவைத்துவிட்டார்.

பாலை நிலத்தில் நடந்த நாற்பது ஆண்டுகளில் இஸ்ரயேல் மக்களின் ஆடை நைந்துபோகவில்லை என்பதை ஓர் அருளாக இணைச்சட்ட நூல் நினைவூட்டுகிறது. மாற்றுடை இல்லாத ஏழைக்குத்தான் அந்த அருளின் அளவு புரியும். நைந்த ஆடையை விரும்பி வாங்குவதற்கு, பெட்டியில் நையாத ஆடை நான்கு இருக்கவேண்டும். நம் இளைஞர்கள் இதை உணர்ந்து உடுத்துவார்களானால், அவர்களின் ஜீன்ஸ் மீது நமக்கு வழக்கில்லை. ஒன்றே வாங்கட்டும், பல ஆண்டு உடுத்தட்டும், கிழிந்தால் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து ஒட்டுப்போடட்டும்.

வெளுத்த நிலையில் கடையில் தொங்கும் ஆடையைக் கையில் எடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்கப் பழகுவோம்: இதை வெளுக்கவைத்தவர் யார்? நாம் நடந்து, அமர்ந்து, உழைத்து வெளுத்ததாயின் அதில் வெட்கத்துக்கு இடமில்லை. நாம் காணாத ஒருவர் தம் மூச்சைக் கொடுத்து வெளுத்ததாயின், அதை விலை பேசுமுன் சற்று நிதானிப்பது நல்லது.