கடலில்லா நகரும் பவளப்பாறைகளும்

ஐதராபாத்தில் கடல் இல்லை. ஆயினும் இந்தியக் கடல்களின் வெப்பம் அங்கிருந்தே கண்காணிக்கப்படுகிறது. 1999இல் தொடங்கப்பட்ட இன்காய்ஸ் எனும் தேசியக் கடல்சார் தகவல் மையம், செயற்கைக்கோள் காட்டும் மேற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டு பவளப்பாறை வெளிறல் குறித்து எச்சரிக்கிறது. நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால், பவள உயிரிகள் தமக்கு உணவூட்டும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகின்றன. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் நேர்ந்தது இதுவே.

செயற்கைக்கோள் வெப்பத்தை அறியும்; பவளம் மாண்டதா, மீண்டதா என்பதைக் கடலடியில் எடுக்கும் ஒளிப்படமே காட்டும். ஒரே பாறையை ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்பிடுகையில், அழகுக்காக எடுத்த படமும் சான்றாகிறது.

வெளிறிய பவளம் இறந்த பவளம் அன்று. வெப்பம் தணிந்தால் பாசி திரும்பக்கூடும். அந்தச் சில வாரங்களில் நங்கூரமும் வலையும் கழிவும் அதனைத் தீண்டாதிருக்கச் செய்வது மனிதரால் இயலும். எச்சரிக்கையின் பயன் அங்கேதான் தொடங்குகிறது.