நாற்சந்தியில் இரண்டு வானொலி

கோலாலம்பூரிலிருந்து தெற்கே காரில் போகிறவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். யோங் பெங்கை நெருங்கும்போது, அதுவரை தெளிவாகப் பாடிய வானொலி கரகரக்கத் தொடங்கும். பல்லவி நாம் கேட்ட பாட்டு. சரணத்தில் யாரோ மலாயில் விளம்பரம் சொல்வார். பின்னால் இருக்கும் அம்மா, "ஏன் பாட்டை மாத்துற?" என்பார். நாம் எதையும் மாற்றவில்லை. ஊர்தான் மாறுகிறது.

வானொலி அறிவிப்பாளராக இருப்பதால் எனக்கு இந்தக் கரகரப்பு பிடிக்கும். போன மாதம் ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியில், அது கேட்ட இடத்திலேயே டோல் கட்டி வெளியேறினேன். வெளியே வந்தால் ஆயர் ஈத்தாம்.

பெயருக்கு 'கறுப்புத் தண்ணீர்' என்று பொருள். பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தச் சின்ன ஊரை வளர்த்தது தண்ணீர் அல்ல, சாலை. வடக்கு தெற்காகப் போகும் பழைய 1-ஆம் எண் கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் 50-ஆம் எண் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. ஒரு காலத்தில் சிங்கப்பூர், ஜொகூர் பாரு பேருந்துகள் இங்கே நின்றுதான் போகும். என் அப்பா தலைமுறையில் பலருக்கு ஆயர் ஈத்தாம் என்றால் நள்ளிரவில் பேருந்து விளக்கு எரிவதும், தூக்கக் கலக்கத்தில் குடித்த கோப்பியும்தான்.

இன்றும் சாலையோரக் கடைகளில் பூச்சாடி, பீங்கான் பொம்மை, உண்டியல், கிரிப்பெக் பாக்கெட்டுகள் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மாச்சாப்பில் டிராகன் சூளை இருக்கிறது. சரிவில் நீளமாகப் படுத்திருக்கும் இந்த வகைச் சூளைகளில் ஒரு காலத்தில் பூச்சாடி மட்டும் சுடவில்லை. பால்மரத்தில் கட்டும் மங்குகளையும் சுட்டார்கள். சீனர் சுட்ட மங்கில் தமிழர் பால் எடுத்தார்கள். குளுவாங், சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த மங்கின் கனம் கையில் இருக்கும்.

1994 செப்டம்பரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. பேருந்துகள் மேலே ஏறிப் போய்விட்டன. ஆயர் ஈத்தாம் கீழே நின்றது.

அதே 1994-இல் அந்த நெடுஞ்சாலைப் பயணிகளுக்காக ஒரு வானொலி பிறந்தது. பெயர் 'டைம் ஹைவே ரேடியோ'. சுருக்கமாக டி.எச்.ஆர். அது தமிழ் நிலையமாகப் பிறக்கவில்லை. 2000-களின் நடுவில் ஆஸ்ட்ரோ குழுமத்தின் கைக்குப் போன பிறகு இரண்டாகப் பிரிந்தது: கிழக்குக்கரைக்கு மலாயில் 'கெகார்', மேற்குக்கரைக்குத் தமிழில் 'ராகா'. 2018-இல் 'டி.எச்.ஆர்' என்ற முன்னொட்டும் உதிர்ந்து வெறும் 'ராகா' ஆனது. எந்தச் சாலை இந்த ஊரின் பேருந்துகளைக் கொண்டுபோனதோ, அந்தச் சாலைக்காகப் பிறந்த வானொலிதான் இன்று இந்த ஊர்க் கடைகளில் தமிழில் பேசுகிறது.

அதற்கு முன் நமக்கு இருந்தது அரசாங்க வானொலி ஒன்றுதான். 1946 ஏப்ரல் 1-இல் தொடங்கிய ரேடியோ மலாயாவின் வழி வந்தது அது. நம் பெற்றோர் 'ரேடியோ 6' என்றார்கள்; 2005-இல் 'மின்னல் எப்.எம்' ஆனது. பெயரை மட்டுமா மாற்றினார்கள்? பக்கத்தில் ஒரு போட்டியாளர் எழுந்து நிற்கிறார் என்றால் அரசாங்க வானொலியும் தலைவாரிக்கொள்ளத்தான் வேண்டும். தெற்கே போகப் போக மூன்றாவதாகச் சிங்கப்பூரின் 'ஒலி 96.8' வந்து சேரும்.

ஆயர் ஈத்தாமின் இடமும் விசேஷமானது. வடக்கே 1,276 மீட்டர் உயர லேடாங் மலை, தெற்கே பூலாய் மலை. இரண்டிலும் ஒலிபரப்புக் கோபுரங்கள் உண்டு. எப்.எம். அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். மலையோ தூரமோ மறித்தால் மங்கும். ஒரே எண்ணில் இரண்டு நிலையம் வந்தால் பெட்டி பலமானதைப் பிடித்து மற்றதை அமுக்கிவிடும். ஒரே நிலையத்துக்கே வடக்கில் ஓர் எண், தெற்கில் ஓர் எண். நடுவில் இருப்பவர்கள் ஏரியலைத் திருப்பித் திருப்பித்தான் வானொலி கேட்கிறார்கள்.

பசியாற ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தேன். முன்னால் ரொட்டி போடும் பையனின் தலைக்கு மேல் ராகா. உள்ளே அடுப்பங்கரையில் இன்னொரு பெட்டி. அதில் மின்னல், பழைய பாட்டு. இரண்டுக்கும் நடுவில் தே தாரேக் ஆற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டும் சண்டை போடாதா அம்மா?" என்று கேட்டேன்.

"அவனுக்குச் சிரிப்புச் சத்தம் வேணும். எனக்குப் பாட்டும் செய்தியும் வேணும். சண்டை எதுக்கு? கதவு இருக்கே!" என்றார் கடைக்கார அம்மா.

கொஞ்ச நேரத்தில் தட்டை எடுக்க வந்தவர் நின்றார். "உன் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே."

சொன்னேன். முன்பு வேலை செய்த நிலையத்தின் பெயரையும், நான் நடத்திய வாழ்த்து நிகழ்ச்சியின் பெயரையும். அவர் முகம் மலர்ந்தது. பேத்தி பிறந்தநாளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து அழைத்தாராம். "ஒரு தடவை 'ஆயர் ஈத்தாம் பாட்டி'ன்னு நீ சொன்னே. தோட்டத்துல எல்லாரும் கேட்டாங்க." பிறகு மெதுவாக, "அதை ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றார்.

அந்தக் கூட்டம் எனக்கு நினைவிருக்கிறது. விளம்பரம் தருபவர்கள் இளைஞர்களைக் கேட்கிறார்கள். வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் இளைஞர்கள் வேறு நிலையத்துக்குத் தாவுகிறார்கள். பாட்டுகளுக்கு நடுவே பேச்சைக் குறைக்க வேண்டும் என்றார்கள். தவறான கணக்கு என்று சொல்ல மாட்டேன். வருமானம் இல்லாமல் தனியார் வானொலி ஒரு மாதம்கூட நிற்காது. ஆனால் அந்தக் கணக்குத் தாளில் இந்த அம்மாவுக்கு ஒரு வரிசை இல்லை. நானும் தலையாட்டினேன். அடுத்த வாரம் அந்த நேரத்தில் இடைவிடாத பாடல்கள் ஓடின.

போட்டி கெட்டது என்று நான் நினைக்கவில்லை. 1950-களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது மக்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். அந்த அடி விழுந்த பிறகுதான் 1957 அக்டோபர் 3-இல் இந்தியாவில் 'விவித் பாரதி' வந்தது. போட்டி இல்லாவிட்டால் நிலையங்கள் தூங்கிவிடும். ஆனால் போட்டி போடுகிற எல்லாரும் ஒரே வயதுக்காரரைத் துரத்தினால், நிலையங்கள் எத்தனை இருந்தாலும் கேட்பது ஒரே வானொலிதான். உள்ளூர்க் கலைஞரின் பாட்டு, தோட்டத்துச் செய்தி, ஒரு பாட்டியின் வாழ்த்து ஆகியவற்றுக்கு எங்காவது ஓர் இடம் வேண்டும். இன்று பெரும்பாலும் அந்தச் சுமையை அரசாங்க வானொலியே தூக்குகிறது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. "மன்னிச்சிடுங்க அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அட, நீ என்ன பண்ணுவே. அதான் உள்ளே இன்னொரு பெட்டி வாங்கி வெச்சிட்டேனே" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒரு கேட்பவரை இழப்பது இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று எந்தக் கூட்டத்திலும் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பள்ளி விடுமுறைக்குத் தெற்கே போகிறவர்கள் ஒரு முறை இங்கே இறங்குங்கள். ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். பிள்ளைகளுக்கு மாச்சாப்பின் சூளையைக் காட்டுங்கள். மங்கு என்றால் என்னவென்று தாத்தா பாட்டி சொல்லட்டும். திரும்பும்போது வானொலி கரகரத்தால் உடனே கைப்பேசிப் பாட்டுக்கு மாற்றாதீர்கள். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா பேத்தியின் பிறந்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "நிகழ்ச்சி இல்லாட்டி பரவாயில்ல. பாட்டுக்கு நடுவுல சும்மா சொல்லிடு."

சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. அந்தத் தேதியில் எனக்குக் காலை வேலை. அனுமதி கேட்கப் போவதில்லை.