புதுப் பாடல் பிறக்கும் இடம்

தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிவது தமிழரின் வாழ்வு. இவ்விரண்டுக்கும் இடையே நடவுக்கு ஒரு பாட்டு, ஏற்றத்துக்கு ஒரு பாட்டு, சுண்ணாம்பு இடிக்க ஒரு பாட்டு என்று நம் முன்னோர் பாடிக்கொண்டே உழைத்தனர். 1931-இல் ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும் படம் வெளிவந்த பின், மெல்ல மெல்லப் பாட்டு என்றாலே திரைப்படப் பாட்டு என்றாகிவிட்டது. திருமண வீட்டிலும் ஊர்த் திருவிழாவிலும் பேருந்திலும் அதுவே ஒலிக்கிறது. அதில் நல்லவை பல உண்டு. ஆயினும், ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதித் தாமே பாடும் பாட்டு நெடுங்காலம் நம் செவிக்கு எட்டாமற் போயிற்று.

அண்மைக் காலத்தில் அந்நிலை மாறி வருகிறது. திரைப்படத்தைச் சாராமல், பெரிய நிறுவனங்களின் அழைப்புக்கும் காத்திராமல், இளைஞர்கள் தம் சொந்தப் பாடல்களை உருவாக்கி வெளியிடுகின்றனர். இதனைத் தனியிசை என்கின்றனர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என நீளும் இத்தோல் தொழில் வட்டாரத்தின் இளைஞர்கள், ஷூ கம்பெனி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கேட்பவை பெரும்பாலும் இப்பாடல்களே. பாடற்குழுப் பயிற்சி முடிந்ததும், “சாமி, இதக் கொஞ்சம் கேளுங்க” என்று கைப்பேசியை நீட்டுவார்கள். அவர்கள் வழியாகவே இவ்விசை எனக்கு அறிமுகமாயிற்று.

முதலில் கேட்டவை ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவின் பாடல்கள். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியால், இசையமைப்பாளர் டென்மாவின் பொறுப்பில் 2017-இல் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சாதியற்ற தமிழர் என்னும் சிந்தனையே அதன் பெயருக்கு வேர். வடசென்னையில் இழவு வீடுகளில் இரவெல்லாம் பாடப்பட்ட கானாவும், பறையும், மேலைநாட்டு ராப்பும் அங்கே ஒரே மேடையில் நின்றன. ஆண்களே பாடி வந்த கானாவை இசைவாணி என்னும் இளம்பெண் துணிந்து பாடினார். 2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

அக்குழுவில் பாடியவர்களுள் ஒருவர் அறிவு. ஊர் அரக்கோணம். 2019 வரை நம் வேலூர் மாவட்டத்தோடு இருந்து, இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அவர் எழுதி, தீயுடன் இணைந்து பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யைக் கேளாதவர் இன்று குறைவு. சிறுவர் அதற்கு ஆடினர்; திருமண ஊர்வலங்களில் அது முழங்கியது. ஆனால் அதன் அடியில் ஓடுவது ஒப்பாரி என்பதை எத்தனை பேர் உணர்ந்தோம்?

அப்பாடலின் ஊற்று அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். மலையகத் தமிழரின் துயரை நாம் அறிவோம். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. தலைமுறைகளாக ஒரு மலையைப் பசுமையாக்கியவர்கள், எந்த மண் தமக்குரியது என்று தாமே சொல்ல இயலாத நிலையில் எண்ணிக்கைகளாகப் பிரிக்கப்பட்டனர். அப்பெருங்கதையின் ஒரு துளியைப் பாட்டி சொல்லக் கேட்ட பேரன் பாடலாக்கினார். 2024-இல் வெளியிட்ட தம் பாடல் தொகுப்புக்கும் அவர் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயரிட்டார்.

எஞ்சாமி என்பது என் சாமி. இச்சொல்லில் என் மனம் நெடுநேரம் நின்றது. நிலமற்ற உழைப்பாளி நிலவுடைமையாளரைப் பார்த்துக் கைகட்டி உரைத்த சொல் அது. கோவிலில் கடவுளை நோக்கிச் சொல்லும் சொல்லும் அதுவே. நம் இறைமக்கள் குருவானவரை அழைப்பதும் அச்சொல்லாலேயே. எப்போதும் கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் அச்சொல்லை, ஒரு பாட்டி குனிந்து தன் பேரனுக்குச் சூட்டுகிறாள். வாழ்நாளெல்லாம் பிறரைச் சாமி என்று அழைக்க நேர்ந்தவள், தன் மடியில் கிடக்கும் பிள்ளையே சாமி என்கிறாள். குழந்தையாய்த் தொழுவத்தில் கிடந்த இறைவனை வணங்கும் நமக்கு இது புரியாத இறையியல் அன்று.

புதுமை என்றால் இதுவரை இல்லாத ஒன்று என்று நினைக்கிறோம். விவிலியம் காட்டும் புதுமை வேறு. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மரியா பாடும் பாடல், சாமுவேல் முதல் நூலில் அன்னா பாடிய பாடலின் சாயலை உடையது. பல நூற்றாண்டுப் பழமையுள்ள சொற்கள்! ஆயினும் நாசரேத்து என்னும் சிற்றூரின் ஏழைப் பெண்ணொருத்தி, எருசலேம் ஆலயத்தில் அன்று, உறவினள் ஒருத்தியின் வீட்டில் பாடியபோது அது புதிய பாடலாயிற்று. பழைய நினைவு ஒன்று, அதுவரை வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு வாயைக் கண்டடைவதே புதிய பாடல்.

அப்படியானால், கேட்பவருக்கு ஒரு கடமை உண்டு: பாடியவர் யார் என்று கேட்பது. 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழ் இப்பாடலின் வெற்றியைச் சுட்டி வெளியிட்ட அட்டையில் அறிவின் முகம் இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பின்னரே அவ்விதழ் அறிவுக்கெனத் தனியாக ஓர் இணைய அட்டையை வெளியிட்டது. பாட்டை ஏற்றுக்கொண்டு பாடியவரை மறப்பது எவ்வளவு எளிது!

இது நம் வட்டாரத்துக்கு மிகவும் தெரிந்த கதை. இங்கே பதப்படும் தோல் காலணியாகி அயல்நாடுகளின் கடைகளில் மின்னுகிறது. அதைக் கழுவிச் சாயமேற்றிய கைகளின் பெயர் அதில் இல்லை. தொழில் செழித்தது, பாலாறு நலிந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. ஏரியையும் குளத்தையும் மண்ணையும் எண்ணி ஏங்கும் ஒரு பாடல் பாலாற்றின் கரையிலுள்ள பிள்ளைகளை ஈர்த்ததில் வியப்பென்ன?

அதே தோலை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி நெருப்பில் காய்ச்சினால் பறை. தோலைத் தொட்டவரைத் தள்ளிவைத்த சமூகம் பறையையும் தள்ளிவைத்தது. அந்தந்த மக்களின் இசை மரபுக்குத் திருவழிபாட்டில் உரிய இடம் தர வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கூறியது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கையில் பறையைத் தந்தது. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இழவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி விழாவுக்கும் வழிபாட்டுக்கும் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

அன்பு வாசகரே, உங்கள் பிள்ளைகள் கேட்கும் பாடல்களை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குமுன், ஒரு மாலையில் அவர்களோடு அமர்ந்து கேளுங்கள். பிடிக்காதவற்றைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் எழுதியவர் யார், எந்த ஊர், யாருடைய கதை என்றும் கேளுங்கள். நம் பங்குத் திருவிழா மேடைகளில் திரைப்பாடல்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தையாவது, தாமே எழுதிப் பாடும் நம் பிள்ளைகளுக்கு அளிப்போம். நம் வீட்டுத் திண்ணையிலும் கதைகளோடு ஒரு வள்ளியம்மாள் அமர்ந்திருக்கிறார். அவர் சொல்ல, பேரப்பிள்ளை கேட்டு எழுதட்டும். நாளைய பாடல் ஒருவேளை அங்கே தொடங்கலாம்.